இரவுப் பணியில் இரண்டு பேர்: முதியோர் இல்லத்தின் மின் தீப் பாதுகாப்பு

முப்பது முதியவர்கள் தங்கும் இல்லத்தில் பகலில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சமையலுக்கு இருவர், பெருக்கித் துடைக்க ஒருவர், செவிலியர், ஆயாக்கள், மேலாளர், பார்க்க வந்த மகன், மருமகள். அதே இல்லத்தில் இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே பேர். உள்ளே ஓர் உதவியாளர், கேட்டருகே ஒரு காவலர். முப்பது பேரில் பத்துப் பேர் தாமாகக் கட்டிலைவிட்டு இறங்க முடியாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரைப் போர்வையோடு இறக்கி, இழுத்து, கட்டடத்தின் அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக இரண்டு பேருக்கு ஒன்றரை நிமிடமாவது பிடிக்கும். பத்துப் பேருக்குப் பதினைந்து நிமிடம். இதில் மாடிப்படியைச் சேர்க்கவில்லை.

ஒரு மெத்தை எரியும் புகை வராந்தாவை நிரப்ப அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. மற்றக் கட்டடங்களில் தீப் பாதுகாப்பு என்றால் மக்கள் ஓடி வெளியேற வழிவிடுவது. இங்கே ஓட ஆளில்லை. ஆகவே இரண்டு காரியங்களைத்தான் நாம் செய்ய முடியும்: தீ தொடங்கும் இடங்களை முன்கூட்டியே கண்டுபிடித்து அடைப்பது, தொடங்கிவிட்டால் அது ஓர் அறையோடு நிற்கும்படி செய்வது. கீழே சொல்லும் எந்த ஏற்பாட்டையும் பகல் ஆட்களை மனத்தில் வைத்து மதிப்பிடாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு, அந்த இரண்டு பேரால் ஆகுமா என்று பாருங்கள்.

ஓர் அலமாரியின் கதை

2004 ஜனவரி 31. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகே உடிங்ஸ்டன் என்ற ஊர். அங்கே ரோஸ்பார்க் என்ற முதியோர் இல்லத்தில் அதிகாலை நாலரை மணிக்குச் சற்று முன்பு தீ எச்சரிக்கை மணி அடித்தது. 14 முதியவர்கள் இறந்தார்கள். விசாரணை நீதிபதி 2011இல் அளித்த தீர்ப்பு இன்றும் இந்தத் துறையில் இருப்போர் படிக்க வேண்டிய ஆவணம்.

தீ பிறந்த இடம் வராந்தாவை ஒட்டிய ஓர் அலமாரி. அதற்குள் மின் பகிர்மானப் பெட்டி இருந்தது. நம் ஊரில் டி.பி. பாக்ஸ் என்போமே, அது. பெட்டியின் பின்பக்கத் துளை வழியே ஒரு கேபிள் உள்ளே போயிருந்தது. தகட்டின் கூர்விளிம்பு கேபிளை அறுக்காமலிருக்க அந்தத் துளையில் ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள். அது போடப்படவில்லை. காலப்போக்கில் காப்புறை அறுந்தது, மின்சாரம் பெட்டியின் உலோகத்தில் பாய்ந்தது, பொறி பறந்தது. அதே அலமாரியில் எளிதில் தீப்பற்றும் ஸ்பிரே டப்பாக்களும் வேறு சாமான்களும் அடுக்கியிருந்தார்கள். இரவுப் பணியாளர்கள் எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தார்கள். அதில் காட்டிய பகுதி கட்டடத்தில் எது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. தேடிக்கொண்டிருந்ததில் தீயணைப்புப் படையை அழைக்க 9 நிமிடம் தாமதமானது. அந்த வராந்தாவின் படுக்கையறைக் கதவுகள் பெரும்பாலும் திறந்தே கிடந்தன. புகை நேராகக் கட்டில்வரை போனது.

சில ரூபாய் பெறும் ரப்பர் வளையம், சாமான் அடுக்கிய அலமாரி, தெளிவில்லாத பலகை, திறந்த கதவுகள். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு வைப்பதல்ல. ஏதாவது ஒன்று சரியாக இருந்திருந்தால்கூட இறப்பு எண்ணிக்கை குறைந்திருக்கும். அதனால்தான் இந்த நிகழ்வை முதலில் சொன்னேன்.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 2023 புத்தாண்டு நாள் அதிகாலையில் தெற்கு டெல்லி கிரேட்டர் கைலாஷ் பகுதியில் இருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தீப்பிடித்து இரண்டு மூதாட்டிகள் இறந்தார்கள். அதுவும் அதிகாலைதான்.

சட்டம் எங்கே நிற்கிறது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு முதியோர் இல்லங்களை வீடுகளோடு சேர்ப்பதில்லை. மருத்துவமனைகள் இடம்பெறும் ‘சி’ பிரிவில், பராமரிப்பு நிறுவனங்கள் என்ற உட்பிரிவில் வைக்கிறது. உங்கள் இல்லம் ஒரு காலத்தில் குடும்பம் வாழ்ந்த பங்களாவாக இருந்திருக்கலாம். மின் இணைப்பில் இன்னும் அந்தப் பழைய உரிமையாளர் பெயரே இருக்கலாம். முதியவர்களைக் கட்டணத்துக்கோ இலவசமாகவோ தங்கவைத்த அன்றே அது வீடு என்ற வகையிலிருந்து விலகிவிட்டது. மின் அமைப்புக்கு மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், வயரிங் வேலைக்கு ஐ.எஸ். 732 தரமும் பொருந்தும். தீயணைப்பு உரிமத்துக்குத் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை அணுக வேண்டும்.

உரிமத்தை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறந்துபோவது நம் பழக்கம். ஆய்வாளர் வந்துபோன நாளில் கட்டடம் எப்படி இருந்தது என்பதைத்தான் அந்தத் தாள் சொல்லும். மறுவாரமே மூன்றாவது ஏ.சி.யை மாட்டியது அதற்குத் தெரியாது.

பழைய வீடு, புதிய சுமை

1980களில் கட்டிய ஒரு வீட்டில் ஹாலுக்கு இரண்டு மின்விசிறி, நாலு ட்யூப்லைட், ஒரு டி.வி. என்று கணக்குப் போட்டு ஒயர் இழுத்திருப்பார்கள். இன்று அதே ஹாலைத் தடுத்து நான்கு அறையாக்கி, ஒவ்வொன்றிலும் ஏ.சி., குளியலறையில் கீசர், கட்டிலருகே காற்று மெத்தையின் பம்பு. சுவருக்குள் இருப்பது அதே ஒயர். சில பழைய வீடுகளில் அது அலுமினியம். அலுமினிய ஒயரோடு புதிய செம்பு ஒயரை முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிய இடங்கள் ஜங்ஷன் பாக்ஸ்களுக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு உலோகமும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. முறுக்கு நாளடைவில் தளரும். அலுமினிய ஒயர் இருக்கும் கட்டடத்தை முழுதாகப் புதுப்பிக்காமல் முதியோர் இல்லம் நடத்தக் கூடாது என்பது என் கருத்து. பாதி மாற்றுவது பல இடங்களில் இன்னும் மோசம்.

கணக்கு எளிது. 230 வோல்ட்டில் ஒரு 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1,380 வாட். கடையில் விற்கும் சாதாரண வாட்டர் ஹீட்டர் ராடு 1,500 வாட். அந்த ஒரு ராடே பிளக்கின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. 2,000 வாட் கீசரோ இண்டக்‌ஷன் அடுப்போ 8.7 ஆம்பியர் இழுக்கும். அவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக்கும் தனி ஒயரும், சுமை மிஞ்சினால் தானே விழுந்து துண்டிக்கும் தனி எம்.சி.பி.யும் வேண்டும். விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 என்று நல்ல எலக்ட்ரீஷியன்கள் கணக்கு வைப்பார்கள். எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போடச் சொல்லும் எலக்ட்ரீஷியனை அன்றோடு நிறுத்திவிடுங்கள். எம்.சி.பி. காப்பது ஒயரை. பெரிய எம்.சி.பி. போட்டால் ஒயர் எரியும்வரை அது விழாது. பழைய ஃபியூஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவைப்பதும் இதே குற்றம்.

எந்தச் சாதனமும் காட்டிக்கொடுக்காத சூடு

எம்.சி.பி.யும் புதிது, ஒயரும் சரியான அளவு. அப்படியும் தீப்பிடிக்கும் ஒரு வழி உண்டு: தளர்ந்த இணைப்பு.

ஒரு பிளக்கின் பின்புறம் ஸ்குரூ சரியாக இறுகவில்லை. அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை கூடிவிட்டது. வழியே 10 ஆம்பியர் ஓடுகிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் 50 வாட். ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் ஈயம் உருக்கும் இரும்பு 25 வாட்தான். அதைவிட இரு மடங்கு சூடு, ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுவருக்குள், மணிக்கணக்கில். மின்னோட்டம் வழக்கமான 10 ஆம்பியர்தான் என்பதால் எம்.சி.பி.க்கு எந்தக் குறையும் தெரியாது. மின்சாரம் பூமிக்குக் கசியவில்லை என்பதால், கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. மீட்டர் பார்த்துச் சொல்லாது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம், ஸ்விட்ச் போர்டில் மஞ்சளித்த தடம், பிளக்கை உருவும்போது பின்னின் சூடு, விளக்கு கண் சிமிட்டுவது, காது கொடுத்தால் கேட்கும் சன்னமான ‘கிர்ர்’ சத்தம் ஆகியவைதான் துப்பு. இவற்றைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் பெருக்க வரும் அக்காவும் ஆயாவும்தான். அவர்கள் வந்து “போர்டுகிட்ட ஏதோ தீஞ்ச வாடை வருது சார்” என்றால், “மழைக்காலம்மா, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பாதீர்கள். அந்த வார்த்தைக்காக அவர்களுக்கு நன்றி சொல்லி, அந்தச் சுற்றை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள்.

கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அதே கொள்கையில் இயங்குவது, ஆனால் தொழிற்சாலைப் பயனுக்கான வகை. மாதம் ஒருமுறை இரவு எட்டு மணிக்கு, எல்லா ஏ.சி.யும் ஓடும் நேரத்தில், டி.பி. பாக்ஸில் ஒவ்வொரு எம்.சி.பி.யின் முகப்பையும் ஒவ்வொரு 16 ஆம்பியர் பிளக்கையும் அதால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு சுமையுள்ள இரண்டில் ஒன்று மற்றதைவிட 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் வர வேண்டும். டி.பி. பாக்ஸின் மூடியைத் திறந்து ஸ்குரூக்களை இறுக்குவது உரிமம் பெற்றவர் மட்டும், மெயினை அணைத்தபின் மட்டும் செய்ய வேண்டிய வேலை. ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்யச் சொல்லுங்கள். அதே நாளில் காப்பு மின்தடைச் சோதனையும் நடக்கட்டும்: மெக்கரில் 500 வோல்ட் வைத்து அளந்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அளவுகளை எண்களாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ‘எல்லாம் ஓகே’ என்று எழுதிய சான்றிதழ் எதற்கும் உதவாது.

டி.பி. பாக்ஸ் இருக்கும் அலமாரியில் வேறெதுவும் இருக்கக் கூடாது. துடைப்பம், பினாயில், பழைய கேஸ் ஷீட் கட்டுகள், டயப்பர் பெட்டி எதுவும். நான் பார்த்த இல்லங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விதியிலேயே தோற்றன. இடம் போதவில்லை என்பார்கள். இடத்துக்கு அலைவது புரிகிறது. சாமான் வேறிடம் போகட்டும்.

ஆர்.சி.சி.பி.யைக் கழற்றும் மழைக்காலம்

மின்சாரம் போகிற அளவும் திரும்பி வருகிற அளவும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பது ஆர்.சி.சி.பி. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். ஷாக்கிலிருந்து உயிரைக் காப்பதற்கு அது. தீக்கும் அதே சாதனம் உதவும். ஈரச் சுவரிலோ தூசி படிந்த போர்டிலோ 300 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரே புள்ளியில் 69 வாட் சூடு. அது தீ மூட்டப் போதும். ஆகவே அறைகளுக்குத் தனித்தனியே 30 மில்லி ஆம்பியர், மெயினில் 100 மில்லி ஆம்பியர், சற்றுத் தாமதித்து விழும் வகை என்று இரண்டு அடுக்காகப் போடுவது நல்லது. ஒரே ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை மெயினில் போட்டால், ஓர் அறையின் பழைய ஃபிரிட்ஜ் கசியும்போது கட்டடமே இருண்டுவிடும். ஆக்சிஜன் கருவியும் நின்றுவிடும்.

அப்படி ஆனபின் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஐப்பசி மழை. சுவரில் ஈரம். ஆர்.சி.சி.பி. விழுகிறது, ஏற்றினால் மறுபடி விழுகிறது. இரவு எட்டு மணிக்கு வரும் எலக்ட்ரீஷியன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “இதுதான் சார் கோளாறு, டைரக்ட் பண்ணிட்டேன், இனி விழாது” என்று போகிறார். உண்மைதான், இனி விழாது.

அது விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலும் கீசர், மோட்டார், வெளிச்சுவர் விளக்கு, மாடியில் தண்ணீர் ஒழுகும் ஜங்ஷன் பாக்ஸ் இவற்றில் ஒன்று. ஒவ்வொரு எம்.சி.பி.யாக அணைத்துக்கொண்டே வந்தால் எது என்று அரைமணியில் தெரிந்துவிடும். அந்த ஒன்றை மட்டும் அணைத்துவைத்து இரவைக் கழிக்கலாம். இன்னொரு காரணம் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரலை ஈ.பி. நியூட்ரலோடு எங்கோ ஒரு போர்டில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். போன மின்சாரம் வேறு வழியில் திரும்புவதால் கசிவே இல்லாமல் ஆர்.சி.சி.பி. விழும். இரண்டு நியூட்ரலையும் பிரிக்க ஒருநாள் வேலை ஆகும். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று போட்ட சிறு பொத்தான் இருக்கும். மாதம் முதல் தேதி அதை அழுத்த வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது அலங்காரப் பொருள்; மாற்றுங்கள்.

கட்டிலைச் சுற்றி

இல்லத்தில் சேர வரும்போது முதியவர் தம் பெட்டியோடு சில மின்சாதனங்களையும் கொண்டுவருவார். முப்பது ஆண்டு கூடவே இருந்த டேபிள் ஃபேன். முழங்கால் வலிக்குச் சூடேற்றும் மின்பை. அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கிவந்த வெப்பப் போர்வை. இந்தக் கடைசிப் பொருளைக் கவனியுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட். அதற்கென்றே செய்த சூடாக்கும் சாதனத்தை அடாப்டர் முள் மாட்டி நம் 230 வோல்ட்டில் செருகினால் மூன்றரை மடங்குக்கும் மேல் சூடாகும். மகனுக்கும் தெரிந்திருக்காது. வெளியிலிருந்து வரும் எந்த மின்சாதனமும் அலுவலக அறையில் ஒருமுறை பார்க்கப்பட்டு, ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட பிறகே அறைக்குப் போகட்டும். பெரியவர் மனம் நோகாமல் இதைச் சொல்ல வேண்டும். “ஐயா, உங்க ஃபேனைச் சர்வீஸ் பண்ணித் தர்றோம்” என்றால் மறுக்க மாட்டார்.

கட்டிலுக்கு அடியில் ஓடும் எக்ஸ்டென்ஷன் ஒயர் இல்லத்திலேயே ஆபத்தான ஒயர். மருத்துவக் கட்டிலின் சக்கரம் அதன்மேல் ஏறும். தலைப்பக்கத்தை உயர்த்தி இறக்கும் சட்டம் அதை நசுக்கும். ஆயா துடைக்கும்போது நனையும். தலைமாட்டில் சுவரிலேயே ஒவ்வொரு கட்டிலுக்கும் நான்கு பிளக் வைத்துவிட்டால் எக்ஸ்டென்ஷனுக்கு வேலை இல்லை. படுக்கைப் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தையின் பம்பு வெகு குறைந்த மின்சாரமே எடுக்கும், ஆனால் மாதக்கணக்கில் நிற்காமல் ஓடும். அதைப் போர்வைக்குள் செருகிவைக்காமல் கட்டில் கால்மாட்டில் வெளியே தெரியும்படி தொங்கவிடுங்கள்.

ஆக்சிஜன் செறிவூட்டியும் 300, 350 வாட்டில் ஓடிவிடும், சுமை பெரிதல்ல. அது தரும் காற்றுத்தான் விஷயம். மூக்குக்குழாயைக் கழற்றி மெத்தைமேல் போட்டுவிட்டுக் கருவியை அணைக்க மறந்தால், போர்வையிலும் தலையணையிலும் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஊறிய துணியில் சாதாரணமாக அணைந்துபோகும் சிறு பொறியும் பற்றிக்கொண்டு எரியும். ஆகவே குழாயைக் கழற்றும் கை முதலில் கருவியை அணைக்க வேண்டும். அந்த அறையில் கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாமி விளக்கு, பீடி கூடாது. செறிவூட்டிக்குத் தனிப் பிளக், சுவரிலிருந்து ஒரு முழம் இடைவெளி. தலைக்கு எண்ணெய், முகத்துக்கு வாஸலின் தடவும் பழக்கத்தையும் அந்த அறையில் நிறுத்தி, தண்ணீர் சார்ந்த களிம்பைப் பயன்படுத்துங்கள்.

மாடிப்படிக்கு அடியில்

தமிழ்நாட்டு வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் உள்ள முக்கோண இடம் வீணாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. ஈ.பி. மீட்டர், இன்வெர்ட்டர், இரண்டு பெரிய பேட்டரி, தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர், காவலரின் பை, இப்போது கூடுதலாக யாரோ ஒருவரின் மின்சார ஸ்கூட்டர், சார்ஜ் ஏறியபடி. அத்தனைக்கும் மேலேதான் மாடியில் இருப்பவர்களுக்கு உள்ள ஒரே வழி. கீழே பிடிக்கும் தீயின் புகைக்கு அந்தப் படிக்கட்டு புகைக்கூண்டாகிவிடும்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரில் தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்த செய்தி நினைவிருக்கும். மின்வாகனம் எதுவும் கட்டடத்துக்குள் சார்ஜ் ஏறக் கூடாது. காம்பவுண்டு ஓரத்தில் தனி ஷெட், பகலில் மட்டும். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும், அதனால் காற்றோட்டமுள்ள, வெளிப்பக்கம் கதவு திறக்கும் சிறு அறை அதற்கு வேண்டும். மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அலைச்சல்தான். மாற்றும்வரை படிக்கு அடியில் மற்றவற்றையாவது காலி செய்து, அந்த இடத்துக்குத் தீத்தாங்கும் கதவு போடுங்கள்.

கதவு

மின்சாரத்தைப் பற்றிய பேச்சில் கதவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ரோஸ்பார்க்கை நினைத்துப் பாருங்கள். மூடிய ஒரு மரக் கதவு புகையைப் பல நிமிடங்கள் தடுக்கும். நாம் முதல் பத்தியில் போட்ட கணக்கில் குறைவது அந்த நிமிடங்கள்தான். இரவில் அறைக்கதவுகளைத் திறந்துபோட்டு வைப்பது, கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால். கட்டிலருகே அழைப்பு மணி வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள், தாழ் போடாமல். வராந்தா நீளமாக இருந்தால் நடுவில் தானே மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு ஒன்று போட்டால் கட்டடம் இரண்டாகிவிடும். தீ இடப்பக்கம் என்றால் எல்லாரையும் வலப்பக்கம் இழுத்துவிட்டுக் கதவைச் சாத்தினால் போதும்; உடனே படியிறங்க வேண்டியதில்லை. இரண்டு பேரால் ஆகக்கூடிய வெளியேற்றம் இது ஒன்றுதான். அந்தக் கதவைச் செங்கல் வைத்துத் திறந்தே நிறுத்துவதைக் கண்டால் அன்றே எச்சரியுங்கள்.

பூட்டு வேறு பிரச்சினை. மறதி நோயுள்ளவர்கள் இரவில் எழுந்து தெருவுக்குப் போய்விடக் கூடாதென்று மடக்குக் கேட்டில் பூட்டுப் போடுகிறார்கள். சாவி காவலர் இடுப்பில். அவர் டீ குடிக்கப் போயிருப்பார். நியாயமான பயத்துக்கு ஆபத்தான மருந்து இது. மின்சாரம் போனால் தானே விடுபடும் மின்காந்தப் பூட்டு நல்ல மாற்று; அதைத் தீ எச்சரிக்கை அமைப்போடு இணைக்க முடியும். வசதியில்லை என்றால் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, அதன் நகல் ஒவ்வொரு கேட்டருகிலும் கண்ணாடிப் பெட்டியில். வெளியேறும் கதவு 1,000 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல், வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது கட்டட விதி. பழைய வீட்டின் கதவை அளந்து பாருங்கள். பல இடங்களில் உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

லிஃப்ட் இருந்தால், தீ நேரத்தில் அதில் யாரும் ஏறக் கூடாது. 2024 டிசம்பரில் திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீயில் ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள்; லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

மணி அடித்தால்

ஒவ்வோர் அறையிலும் வராந்தாவிலும் புகை உணர்வி, சமையலறையில் மட்டும் வெப்ப உணர்வி. தாளிப்புப் புகைக்கெல்லாம் மணி அடித்தால் யாரோ ஒருவர் அதன் வாயை அடைத்துவிடுவார், அதனால்தான் அந்த வேறுபாடு. எச்சரிக்கைப் பலகையில் ‘பகுதி 3’ என்று எழுதியிருந்தால் அழித்துவிட்டு, ‘கீழ்த்தளம், கிணற்றுப் பக்க வராந்தா, 5 முதல் 9 வரை அறைகள்’ என்று தமிழில் எழுதுங்கள். பக்கத்தில் கட்டட வரைபடம். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, பலகையைக் காட்டி, அந்த இடத்துக்குப் போகச் சொல்லிப் பாருங்கள். தயங்கினால் பலகை தவறு, அவர் தவறில்லை.

மணி அடித்ததும் ஒருவர் பார்க்கப் போகும்போதே மற்றவர் 101ஐ அழைக்க வேண்டும். “போய்ப் பார்த்துட்டு அப்புறம் கூப்பிடலாம்” என்பது ரோஸ்பார்க்கின் 9 நிமிடம். பொய் மணியாக இருந்துவிட்டால் வண்டி வந்து திரும்பிப் போகும், அவ்வளவுதான். மேலாளரிடம் அனுமதி கேட்டுவிட்டு அழைப்பது என்ற எழுதாத விதி உங்கள் இல்லத்தில் இருந்தால், அது தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒட்டுங்கள்.

மின்சாரத்தில் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; டி.பி. பாக்ஸ் அருகே ஒரு கார்பன் டை ஆக்சைடு அணைப்பான், வராந்தாவில் ஏ.பி.சி. பவுடர் அணைப்பான்கள் வையுங்கள். ஆறு கிலோ அணைப்பான் நிரம்பிய நிலையில் மொத்தம் பத்துக் கிலோ அளவுக்குக் கனக்கும். இரவில் இருக்கும் உதவியாளர் அம்மாவால் அதைத் தூக்க முடியுமா? முடியாதென்றால் சிறியதாக வாங்குங்கள். குப்பைத்தொட்டி அளவு தீக்குத்தான் அணைப்பான். அதைவிடப் பெரிதென்றால் அந்த அறையில் இருப்பவரை இழுத்து வெளியே கொண்டுவந்து கதவைச் சாத்துவதே வேலை.

மெயினை அணைத்துவிட்டால் கட்டடத்தில் மின்சாரம் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். ஈ.பி. போனதும் இன்வெர்ட்டர் தானே எழுந்து அதே ஒயர்களுக்கு மின்சாரம் கொடுக்கும். தானியங்கி ஜெனரேட்டர் இருந்தால் அதுவும். கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால், வெயில் உள்ளவரை அங்கிருந்து இறங்கும் ஒயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஈ.பி. மெயின், இன்வெர்ட்டர் வெளியீடு, ஜெனரேட்டர் மூன்றையும் அணைக்கும் சுவிட்சுகளை நுழைவாயிலருகே ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து 1, 2, 3 என்று சிவப்பில் எண் போடுங்கள். அவற்றை அணைத்ததும் இருட்டாகிவிடும், ஆக்சிஜன் செறிவூட்டிகள் நின்றுவிடும். அதனால் படியிலும் வராந்தாவிலும் தனக்குள்ளேயே பேட்டரி உள்ள அவசர விளக்குகளும், ஆக்சிஜன் தேவைப்படுவோருக்குச் சக்கரம் வைத்த சிறு சிலிண்டரும் முன்பே இருக்க வேண்டும். சிலிண்டர் தீயிருக்கும் பக்கம் போகாமல், நகர்த்தப்பட்டவரோடு மறுபக்கம் போகட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவில் ஒத்திகை நடத்துங்கள். முதியவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்; காவலரையே கட்டிலில் படுக்கவைத்து, போர்வையின் தலைப்பக்க நுனிகளை முறுக்கிப் பிடித்து, கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கி, அடுத்த பகுதிவரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேரத்தைக் குறியுங்கள். முதல் தடவை எல்லாரும் சிரிப்பார்கள். இரண்டாம் தடவை, போர்வை வாசற்படியில் மாட்டுகிறது, வராந்தாவில் நிற்கும் சக்கர நாற்காலிகள் வழிமறிக்கின்றன, தரையில் அது வழுக்கவில்லை என்று குறைகள் வெளிவரும். அவைதான் உங்களுக்கு வேண்டியவை.

காவலர் அறைச் சுவரில் ஒரு தாள் தொங்கட்டும். அன்றிரவு எத்தனை பேர் இல்லத்தில் இருக்கிறார்கள், யார் எந்த அறை, யாருக்கு நடக்க முடியாது, யாருக்கு ஆக்சிஜன், யாருக்குக் காது கேட்காது. மாலை ஏழு மணிப் பணிமாற்றத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போனவர் பெயரை அடிக்க வேண்டும். தீயணைப்பு வண்டி கேட்டுக்குள் நுழையும்போது அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, உள்ளே இன்னும் யார் இருக்கிறார்கள் என்பதுதான். காவலர் அந்தத் தாளையும், சுவிட்சுகள் 1, 2, 3 அணைக்கப்பட்டனவா என்ற பதிலையும், கேட் சாவியையும் அவரிடம் கொடுக்க வேண்டும்.